மெதுவாகத் தொடுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்

போன மாதம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு அழகு நிலையத்து வாசலில் புதுப் பலகை ஒன்றைப் பார்த்தேன். ஃபேஷியல், ஹேர் ஸ்பா, மணப்பெண் அலங்காரம், அதற்கும் கீழே ‘கேன்சர் மசாஜ்’. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். சும்மா போகாமல் உள்ளே போய் விசாரித்தேன். சின்னப் பெண் ஒருத்தி சிரித்த முகமாக உட்காரச் சொன்னாள். புற்றுநோய்க்காரர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒன்றுதான் ஆன்ட்டி, நன்றாக எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் இறங்கிவிடும் என்றாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்றேன். போனை எடுத்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவிலிருந்து பெண்பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா, எங்களுக்குப் பயன்படும் என்றார்கள். பயன்படுமோ என்னமோ, என் எரிச்சலாவது தீரட்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராயபுரம் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று எல்லாம் பட்டு வருகிறவர்களுக்குக் கை, கால், கழுத்து பிடித்துவிடுவதுதான் என் வேலை. ‘பிடித்துவிடுவது’ என்று எழுதும்போதே எங்கள் மேரி மேடம் முறைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பிடிப்பதில்லை, தொடுவது. இந்த வித்தியாசத்தை ஊருக்கு விளக்கி விளக்கியே என் தொண்டை போயிற்று.

வீட்டிலும் இதே தொல்லைதான். அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் போட்டவர். கல்யாண வீடுகளில் பெண் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். பேஷன்டுகளோ நேராகவே மசாஜ்காரம்மா என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டு நான் எரிந்து விழாத நாள் கிடையாது.

வருகிறவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தொட்டால் நோய் உடம்பு பூராவும் பரவிவிடும் என்று பயந்து கையைக் கொடுக்கவே கொடுக்காது. இன்னொரு கட்சி, கெட்ட நீரை அமுக்கிப் பிதுக்கி வெளியே எடுத்துவிடலாம் என்று நம்பி வரும். படித்தவர்கள் படிக்காதவர்கள் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் முதல் கட்சி. தன் பேஷன்டை எங்கள் அறைக்கு அனுப்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். மேரி மேடம் அவர் அறைக்குப் போய், உங்கள் பேஷன்ட் நடக்கிறாரா என்று கேட்டார். நடக்கிறார் என்றார் அவர். நடக்கும்போது உடம்பில் எல்லாம்தானே அசைகிறது டாக்டர், அதில் பரவாததா நாங்கள் தோலைத் தொட்டுப் பரவப்போகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் அந்த பேஷன்ட் வந்தார்.

மேரி மேடம்தான் எங்கள் பிரிவின் தலைவி. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் ஒரு வாட்ச், வேறு நகை கிடையாது. படிப்பை முடித்து வேலைக்கு வந்த எங்களை அவர் பேஷன்ட் பக்கமே விடவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தன் முன்கையை நீட்டுவார். நாங்கள் ஒவ்வொருத்தராக வந்து தடவ வேண்டும். ‘ஜாஸ்தி’ என்பார். இன்னும் மெதுவாகத் தடவினால் அதற்கும் ‘ஜாஸ்தி’. ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, தொடாமலே கையைக் காற்றில் ஆட்டினேன். கண்ணைத் திறக்காமல் ‘இப்ப கம்மி’ என்றார். பாராட்டு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஜாஸ்தி என்று சொல்லாமல் விட்டால் அன்றைக்கு நாம் பாஸ். என் பயிற்சிக் காலம் முழுக்க இந்த ஒரு வார்த்தையிலேயே கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை மெதுவு என்று கேட்பீர்கள். மார்பில் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ஆபரேஷனின்போது அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவது உண்டு. கையிலிருந்து நீர் வடிகிற வழி அது. வழி போனதும் சிலருக்குக் கை வீங்கும். உடனேயும் வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். அந்த நீர் ஓடுகிற குழாய்கள் தோலுக்கு அடியிலேயே, முடியைவிட மெல்லிசாக இருக்கின்றன. தோலை லேசாக நகர்த்தினால் நீர் நகரும். அழுத்தினால் குழாய் நசுங்கும். தேய்த்தால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து, இருக்கிற நீர் போதாதென்று இன்னும் சேரும்.

அதனால் வீங்கிய கையில் நாங்கள் ஆரம்பிக்கவே மாட்டோம். முதலில் கழுத்துக்குக் கீழே காறை எலும்பை ஒட்டிய பள்ளம். அடுத்து, நன்றாக இருக்கிற பக்கத்து அக்குள். பிறகு நெஞ்சின் குறுக்கே ஒரு பாதை. அதற்கப்புறம்தான் வீங்கிய பக்கத்துத் தோள், மேல்கை, முன்கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் விரல்கள். தெருவில் மழைத் தண்ணீர் நின்றால் அவரவர் வாசலில் நின்று விளக்குமாற்றால் தள்ளி என்ன புண்ணியம்? தெருமுனையில் அடைப்பை எடுத்தால்தானே இங்கே இறங்கும். இதை ஒவ்வொருவருக்கும் சொல்வேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, நான் கழுத்தில் கை வைத்த மறு நிமிஷமே, “வீங்கினது கை, நீ இன்னாத்துக்கு கழுத்த தடவினுகீற?” என்பார்கள்.

தடவி முடித்ததும் கட்டு. விரல் விரலாக மெல்லிய துணி சுற்றி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அதிகம் இழுபடாத கட்டுத்துணி. உள்ளங்கையில் இறுக்கமாக ஆரம்பித்து மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும். நம் ஜனங்கள் வீட்டில் கட்டும்போது சரியாகத் தலைகீழாகக் கட்டுவார்கள். மேலே கயிறு போல இறுக்கம், கீழே கொளகொள. மறுநாள் புறங்கை பன் மாதிரி உப்பி வரும். அன்றைக்குப் பூராவும் எனக்கு வாய் ஓயாது.

விம்கோ நகரிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வருவார்கள். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோய் எலும்புக்கு வந்துவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் மட்டும் அப்பாவை நடக்க வையுங்கள், எக்சர்சைஸ் கொடுங்கள் என்று என்னைப் போட்டு அரித்தார். எலும்பு இருந்த நிலையில் ஒரு விரலை மடக்கவே எனக்குப் பயம். நான் அவர் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, மெல்லத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் நேராக மேரி மேடத்திடம் போய், அந்தம்மா வேலையே செய்யவில்லை, சும்மா தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று புகார் சொன்னார். அப்பா தூங்கினாரா என்று கேட்டார் மேடம். தூங்கினார் என்றார் மகன். கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டார் மேடம். பெரியவர் போகிறவரைக்கும் அந்த மகனே கூட்டி வந்தார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, எப்போது நடப்பார் என்று கேட்பதை மட்டும் விடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

இப்போது லோகுவைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னை ஒரேயடியாகப் பேஜார் பண்ணியவள் அவள்தான்.

லோகு என்கிற லோகநாயகி காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். மார்க்கெட்டில் ஜனங்கள் வாங்கிய மீனை இவள் முன்னால் கொண்டு வந்து கொட்டுவார்கள். செதிள் சீவி, குடல் எடுத்து, குழம்புக்கு என்றால் ஒரு விதமாக, வறுவலுக்கு என்றால் ஒரு விதமாக வெட்டித் தருவாள். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் இல்லை என்று டாக்டரும் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த மழைக்காலத்தில் வலது கை வீங்க ஆரம்பித்தது. என்னிடம் வந்தபோது முழங்கை மடங்கவில்லை, கத்தியைப் பிடிக்க விரல் கூடவில்லை. மார்க்கெட்டில் அவள் இடத்தில் வேறொருத்தி மணையைப் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. கை இறங்கினால்தான் அவளுக்குப் பிழைப்பு.

வீட்டு நிலவரத்தையும் அவளே சொன்னாள், அழாமல், மீன் விலை சொல்கிற மாதிரி. நோய் வந்ததிலிருந்து மருமகள் இவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டாள். பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். மகன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறான். புற்றுநோய் ஒட்டாது என்று நான் அந்த மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். சரிங்க மேடம் என்றாள். எழுந்து போகும்போது நாற்காலியின் கைப்பிடியில் பட்ட கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். இவர்களிடம் என்னத்தைச் சொல்லி என்னத்தைப் புரியவைக்க?

சிகிச்சை ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் இறங்கும். டேப்பை வைத்து அளந்து, இறங்கியிருக்கிறது பார் என்று காட்டி, கட்டுப் போட்டு அனுப்புவேன். அடுத்த தடவை வரும்போது பழையபடி ஏறியிருக்கும். சில நாள் முன்பைவிட அதிகமாகவே இருக்கும். குடம் தூக்கினாயா, துணி துவைத்தாயா, கட்டை அவிழ்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். இல்லை இல்லை என்பாள். பொய் சொல்லாதே என்று கத்துவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் மேல்கையின் உள்பக்கம் கன்றிப்போய் நீலமாக இருந்தது. அடி வாங்குகிறாளோ என்று பயந்து மேரி மேடத்தைக் கூட்டி வந்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் நான்கு விரல் தடம், மறுபக்கம் ஒன்று. அவிழ்த்துப் போட்ட கட்டின் உள்துணியை எடுத்து முகர்ந்தார். நல்லெண்ணெயும் கற்பூரமும் மணத்தது.

“இது அடிச்ச கை இல்ல புனிதா. பிசைஞ்ச கை,” என்றார். பிறகு லோகுவிடம், யார் அமுக்கி விடுவது என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, வூட்டுக்காரரு என்றாள்.

மறுநாள் வீட்டுக்காரரை வரச்சொன்னேன். துரை என்று பெயர். துறைமுகத்தில் கப்பலில் ஏறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. வாலிபத்தில் குத்துச்சண்டை போட்டவர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், விரல் ஒவ்வொன்றும் என் விரல் இரண்டு சேர்ந்த கனம். சண்டை முடிந்து வருகிற பையன்களுக்குத் தோள் பிடித்துவிட்டுப் பழகி, அந்தத் தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவர்தான் வைத்தியர். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு, என்னைக் குறை சொல்கிறோமே என்ற கூச்சத்தோடு ஆரம்பித்தார்.

“கோச்சிக்காதீங்கமா, உங்க கைல பலம் பத்தல. அதான் நா வேலைலேர்ந்து வந்ததும் எண்ணெய காய்ச்சி, கீழேர்ந்து மேல நல்லா ஏத்தி வுடறேன். அழுவுறா. வலிச்சாத்தான சரியாவும்?”

எனக்கு வந்ததே கோபம். அத்தனை வருஷத்துக் கோபமும் அந்த மனிதர் தலையில் இறங்கியது. நான் பகலில் இறக்குவதை நீங்கள் சாயங்காலம் ஏற்றுகிறீர்கள், குழாயெல்லாம் நசுங்கிப்போயிருக்கிறது, தோல் கிழிந்து சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, யார் உங்களைக் கேட்டார்கள் என்று மூச்சு விடாமல் திட்டினேன். கடைசியில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இத்தினி நாளா நாந்தான் வீங்க வெச்சிகினு இருந்தனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனிமேல் அந்தக் கையைத் தொடவே கூடாது என்றேன்.

மனிதர் சொன்னதைச் சொன்னபடி கேட்டார். எங்கள் ஜனங்களில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும், அதுவும் போய் வேறு விதமாக விடிந்தது. கை இறங்க ஆரம்பித்தது. முழங்கை மடங்கியது. புறங்கையில் நரம்பு தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. லோகுவிடம் மட்டும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. டேப்பைக் காட்டினால் பார்க்க மாட்டாள். அப்புறம் ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

கை ஏறிக்கொண்டே இருந்தபோது தவறாமல் வந்தவள், இறங்கும்போது நின்றுவிட்டாள். இதற்கு யாரிடம் போய் முட்டிக்கொள்வது? போன் போட்டால் எடுக்கவில்லை. இப்படியே விட்டால் திரும்ப வீங்கும், மார்க்கெட்டில் மீன் முள் குத்தினால் போதும், கை பூராவும் சிவந்து காய்ச்சலில் கொண்டு வந்து போடுவார்கள். டியூட்டி முடிந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டு இல்லை. என் திட்டுகளையெல்லாம் தயாராக வாயில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஆரம்பிக்கவும் செய்தேன். அவள் கையை அமர்த்திக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“கை இன்னாத்துக்குமா எனக்கு? தட்டு தனி, டம்ளரு தனி. அந்தாளு ஒருத்தருதான் தொட்டுகினு இருந்தாரு. நீ அதயும் நிறுத்திட்ட. இப்ப பாயையும் தள்ளிப் போட்டுகினு, கைய கட்டிகினு படுத்துகீறாரு.”

வலிக்கவில்லையா உனக்கு, அழுதாயாமே என்று கேட்டேன். வலித்தது, ஆனாலும் ஒரு மனுஷக் கை என் மேல் இருந்தது என்றாள். நீ தடவுகிறாயே, அது கை மாதிரியே இல்லை, அசிங்கத்தைத் தொடுகிறவர்கள் நுனி விரலால் தொடுகிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள்.

என் தொழிலே அந்த மெல்லிய தொடுதல்தான். அதைத்தான் இத்தனை நாளும் இவள் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் படுத்திருந்திருக்கிறாள். இவளிடம் குழாய், முடிச்சு, தெருமுனை அடைப்பு என்றெல்லாம் நான் சொன்னதில் ஒன்றாவது உள்ளே போயிருக்குமா?

மறுநாள் மேரி மேடத்திடம் போய், துரைக்கு நம் முறையைச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன், அவரே வீட்டில் செய்யட்டும் என்றேன். மேடம் நிமிரவே இல்லை. பெண்கள் படுத்திருக்கிற அறைக்குள் ஆண்களை விட முடியாது, அது சட்டம் என்றார். பிறகு, நமக்குக் கைதான் கேஸ், குடும்பம் இல்லை என்றார். அந்தக் கை குடும்பத்தில்தானே இருக்கிறது மேடம் என்று நானும் கத்திவிட்டேன். அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். சாயங்காலம் கடைசி பேஷன்ட் போனதும் அறை காலியாகத்தான் இருக்கும், அப்போது நான் மீட்டிங்கில் இருப்பேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சாயங்காலம் அவருக்கு எந்த மீட்டிங்கும் கிடையாது என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

லோகுவை இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, துரை முன்னால் என் முன்கையை நீட்டினேன். கட்டைவிரலை வைத்தார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாஸ்தி என்றேன். பாதியாகக் குறைத்தார். ஜாஸ்தி. கன்டெய்னரை இறுக்கிப் பழகிய கை, அதற்கு மெதுவு என்றால் என்னவென்றே தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. பல நாள் அப்படி. என் கை முழுக்கக் கன்றிப்போய், வீட்டில் என்ன என்று கேட்டதற்குப் பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்றேன். ஒருநாள் அவர் கை வைத்தது தெரிந்தது, எடை தெரியவில்லை. தோல் மட்டும் நகர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் லோகுவைப் படுக்க வைத்தேன். கழுத்தில் ஆரம்பித்து நான் காட்டிய வழியிலேயே போய், கடைசியாக வீங்கிய கைக்கு வந்தார். அத்தனை சுத்தமாகச் செய்தார். நான் கர்வமாக லோகுவைப் பார்த்தால், அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறாள்.

“பாத்தியாமா. இவரும் பயந்துகினு தடவ ஆரம்பிச்சிட்டாரு.”

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். துரை கையை எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வேறென்ன செய்வது என்று அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். கைக்கு மெதுவு வேண்டும், இவளுக்கு அழுத்தம் வேண்டும். சரி, கையில் வேண்டாம், காலில் வைத்துக்கொள்ளட்டும். டாக்டரிடம் போய்க் கேட்டேன். காலில் ரத்த உறைவு இல்லை, எலும்பில் ஒன்றுமில்லை, தாராளமாகப் பிடித்துவிடலாம் என்றார். அடுத்த நாள் துரையிடம், கைக்கு நான் சொல்லிக் கொடுத்தது, காலுக்கு உங்கள் பாட்டுக்கு உங்கள் பலம் இருக்கிற மட்டும் என்றேன். மனிதர் முகம் மலர்ந்தது. கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்தார்.

அவள் நெருப்பைத் தொட்டவள் போலக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டி காலைப் பிடிக்கிறதா, அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன், தெருவில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று சேலையால் காலை மூடிக்கொண்டாள். கைக்கு ஒரு தடை, காலுக்கு ஒரு தடை. இந்தப் பெண்ணை என்னதான் செய்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள் துரை பேசினார். சத்தமே இல்லாமல் பேசினார்.

“எல்லாரும் உன்ன தொடமாட்டேன்றாங்கோ லோகு. கைய தொடாதன்னு டாக்டரம்மா சொல்றாங்கோ. கால தொடாதன்னு நீ சொல்ற. நா எங்கதான் தொடறது, சொல்லு.”

சேலைக்குள்ளிருந்து ஒரு பாதம் மெல்ல வெளியே வந்தது. துரை அதைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மேலே ஏற்றினார். அவள் ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த பாதத்தை அவளே நீட்டினாள்.

அப்போது பார்த்துக் கதவருகே மேரி மேடம். பெண்கள் அறையில் ஓர் ஆண் தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். “கதவச் சாத்திட்டு வெளிய வா புனிதா,” என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

கை முழுசாக இறங்கியதா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். இல்லை. இடது கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இப்போதும் வித்தியாசம் தெரியும். வீக்கத்தை அடக்கி வைக்கிற அழுத்த உறை போட்டுக்கொண்டு, அதன்மேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டில் உட்காருகிறாள். பழைய இடம் கிடைக்கவில்லை, வாசலோரமாக வேறு இடம். மருமகள் தட்டை மாற்றினாளா என்றால் அதுவும் இல்லை, நான் ஓய்வு பெறும்வரை தனித் தட்டுதான். எல்லாவற்றையும் நம்மால் சரி பண்ண முடியாது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். டேப்பை எடுப்பதற்கு முன்னால், வீட்டில் உன்னை யார் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த அழகு நிலையத்துப் பெண்ணுக்கும் யாராவது போய்ச் சொல்லுங்கள், நான் போனால் சண்டையாகிவிடும்.

லோகு கடைசியாகக் கையைக் காட்ட வந்த அன்று, வீட்டில் இன்னும் மெதுவாகத்தான் தடவுகிறாரா, இல்லை பழையபடி ஆரம்பித்துவிட்டாரா என்று மிரட்டிக் கேட்டேன். சிரித்தாள்.

“அய்ய, இல்லமா. கால அமுக்கி முடிச்சிட்டுதான் கைக்கு வராரு. கை மேல வெச்சா கனமே தெரில்ல. ஆனா வெச்சிகினுகீறாருன்னு இப்ப தெரியுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பி நின்று, வெளியே காத்திருந்த அடுத்த பேஷன்டைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.